துள்ளும் கைவரைத் தலைப்பு எழுத்துருவுக்குத் தமிழில் இணை தேடுவது எப்படி?

செந்தூல்_வரைகலை:

அனைவருக்கும் வணக்கம். கோலாலம்பூரில் தனியாக வரைகலைப் பணி செய்து வருகிறேன். தற்போது கையில் இரண்டு வேலைகள் இருக்கின்றன. ஒன்று, வீட்டிலேயே முறுக்கு, அச்சு முறுக்கு, நெய் உருண்டை ஆகியவற்றைச் செய்து தீபாவளிக் காலத்தில் விற்று வந்த ஒரு குடும்பத்தார் இப்போது சிறியதொரு கடை திறக்கவிருப்பதால், அவர்களுக்கு வேண்டிய பொட்டல ஒட்டுத்தாளும் பெயர்ப்பலகையும். மற்றொன்று, ஒரு தமிழ்ப்பள்ளியில் நடக்கவிருக்கும் வாசிப்பு வாரத்துக்கான சுவரொட்டிகளும், முதலாம், இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளின் கையில் கொடுக்கப்படும் கதைத் தாள்களும்.

இரண்டு வேலைகளிலும் மலாய், ஆங்கில வாசகங்களுக்காக நான் தேர்ந்தெடுத்து வைத்திருப்பது, தூரிகைப் பேனாவால் வரைந்ததைப் போன்ற ஒரு தலைப்பு எழுத்துரு. அதன் கோடுகள் தடித்தவை, முனைகள் உருண்டவை. எழுத்துகள் ஒரே அடிக்கோட்டில் நிற்காமல் ஒன்று சற்று மேலேறியும் அடுத்தது சற்று இறங்கியும் துள்ளுகின்றன. பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வேண்டுமென்றே கலந்து வருகின்றன. ஆனால் அதில் தமிழ் இல்லை. வாடிக்கையாளரோ, தமிழ்ப் பெயரும் அதே போலத் துள்ள வேண்டும் என்றும், மலாய்ப் பெயருக்குப் பக்கத்தில் தமிழ் மட்டும் பாடநூலைப் போல விறைப்பாக நிற்கக் கூடாது என்றும் கூறுகிறார். அவர் கூறுவது நியாயமாகவே படுகிறது.

கணினியில் உள்ள வழக்கமான தமிழ் எழுத்துரு ஒன்றை எடுத்து, ஒவ்வோர் எழுத்தையும் சாய்த்தும் ஏற்றி இறக்கியும் பார்த்தேன். துள்ளல் வரவில்லை, எழுத்துகள் கழன்று விழும் தோற்றமே வந்தது.

ஆகவே மூன்று ஐயங்கள். இத்தகைய எழுத்துருவுக்கு இணையாகத் தமிழில் ஆயத்தமாகக் கிடைப்பவை எவை? தமிழ் எழுத்தைத் துள்ள வைக்கும்போது எதைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது? பொட்டலம், பலகை, சுவரொட்டி, கதைத் தாள் என்னும் நான்கில் இந்தப் பாணியை எங்கெல்லாம் பயன்படுத்தலாம், எங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும்? அனுபவமுள்ளவர்கள் விளக்கமாகவே எழுதலாம். நீளமாக இருந்தாலும் படிப்பேன்.


எழுத்துப்பட்டறை:

வணக்கம். உங்கள் இரண்டாவது ஐயத்திலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் மற்ற இரண்டுக்குமான விடையும் பெரும்பகுதி அதற்குள்தான் இருக்கிறது.

இலத்தீன் எழுத்தில் ஒவ்வொரு வடிவமும் தனித்து நிற்கும். ஒன்றை மேலே ஏற்றினால் பக்கத்து எழுத்துக்கு எதுவும் ஆகாது. தமிழில் கண் படிப்பது உயிர்மெய்யை. 'கொழுக்கட்டை' என்னும் சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் துள்ளக்கூடிய அலகுகள் ஆறு: கொ, ழு, க், க, ட், டை. முதல் அலகான 'கொ' திரையில் கொம்பு, ககரம், கால் என மூன்று துண்டுகளாக வரையப்படுகிறது. மூன்றும் ஒன்றாக ஏற வேண்டும், ஒரே கோணத்தில் சாய வேண்டும். கொம்பை ஏற்றிவிட்டுக் ககரத்தை இறக்கினால், படிப்பவர் அந்தக் கொம்பை எந்த எழுத்தோடு சேர்ப்பது எனத் தடுமாறுவார். புள்ளியும் தன் எழுத்தின் தலையை விட்டு விலகக் கூடாது. நீங்கள் கண்ட தோற்றத்துக்குக் காரணம் பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும்: எழுத்தை வளைகோடுகளாக, அதாவது தட்டச்சு வாசகமாக இல்லாமல் வெறும் வரைவடிவமாக, மாற்றியவுடன் கொம்பு, கால், புள்ளி ஒவ்வொன்றும் மென்பொருளுக்குத் தனிப்பொருளாகிவிடுகிறது. ஒவ்வோர் உயிர்மெய்யையும் முதலில் ஒரு தொகுப்பாகக் கட்டிக்கொண்டு, அதன் பிறகே அசைக்கத் தொடங்குங்கள். எழுத்திடைவெளியைக் கூட்டும்போதும் இதே கவனம் வேண்டும். சில மென்பொருள்கள் கொம்புக்கும் அதற்குரிய மெய்க்கும் நடுவில்கூட இடைவெளியைப் புகுத்திவிடும்.

அடுத்தது துள்ளலின் அளவு. உங்கள் இலத்தீன் எழுத்துருவில் பெரிய எழுத்துகளே மிகுதி என்றால், அவற்றின் மேலும் கீழும் நீட்டிக்கொண்டிருப்பது எதுவுமில்லை. ஆகவே அவை தாராளமாகத் துள்ளலாம். தமிழிலோ, மேலே புள்ளியும் இகர, ஈகாரக் குறிகளான விலங்கும், கீழே ழகர, றகரங்களின் அடிவளைவும் 'சு', 'பு' ஆகியவற்றின் இறங்கு கோடும் வரியை ஏற்கெனவே அசைத்து வைத்திருக்கின்றன. இலத்தீனுக்குக் கொடுத்த ஏற்ற இறக்கத்தில் பாதியைக் கொடுத்தாலே தமிழ் அதே அளவு துள்ளுவதாகத் தெரியும். தலைப்பு இரண்டு வரியானால் வரியிடைவெளியையும் கூட்ட வேண்டும். இல்லையெனில் மேல்வரியின் இறங்கு கோடு கீழ்வரியின் புள்ளியைத் தொட்டு, எந்த நெடுங்கணக்கிலும் இல்லாத ஓர் எழுத்தை உண்டாக்கிவிடும்.

இனி, தொடக் கூடாதவை. விளையாட்டு கோட்டின் தடிமனில் இருக்கலாம், முனையின் உருட்சியில் இருக்கலாம், எழுத்தின் அகலத்தில் இருக்கலாம். ஓர் எழுத்தை இன்னோர் எழுத்திலிருந்து பிரித்துக் காட்டும் உறுப்பில் இருக்கக் கூடாது. 'எடு', 'ஏடு' இரண்டுக்கும் இடையே இருப்பது ஒரு சிறு கீழ்க்கோடு. 'கொடு', 'கோடு' இரண்டுக்கும் இடையே இருப்பது கொம்பின் மேற்சுழி. 'பனி', 'பணி' இரண்டையும் பிரிப்பது ஒரே ஒரு சுழி. தடித்த எழுத்துருவில் உள்வெளி, அதாவது எழுத்தின் கோடுகளுக்குள் இருக்கும் வெற்றிடம், குறையும்போது முதலில் அடைபடுபவை இந்தச் சுழிகள்தாம். மூன்று சுழி ணகரத்தைத் தடித்த கோட்டில் தெளிவாக வரைவது எந்த வடிவமைப்பாளருக்கும் சோதனையே. ஒரு புதிய தமிழ்த் தலைப்பு எழுத்துரு என் கைக்கு வந்தால் நான் முதலில் தட்டிப் பார்ப்பது ணகரத்தையும் ஞகரத்தையும்தான். ரகரத்தின் அடியில் உள்ள சாய்கோட்டைச் சுருக்கினால் அது துணைக்காலாக மாறிவிடும் என்பதையும் மறக்க வேண்டாம். 'பாரம்' என்னும் சொல்லில் அவ்விரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன.

கையால் வரைந்த தோற்றத்துக்கு இன்னொரு பகை உண்டு. மனிதக் கை ஒரே எழுத்தை இரண்டு முறை அச்சு அசலாக எழுதாது. இதனால் நல்ல இலத்தீன் கைவரை எழுத்துருக்களில் ஓர் எழுத்துக்கு இரண்டு மூன்று மாற்று வடிவங்களை வைத்து, அதே எழுத்து அடுத்தடுத்து வரும்போது ஓப்பன்டைப் நுட்பத்தின் சூழல் மாற்று வசதி அவற்றைத் தானாகவே மாற்றி இடும்படி செய்திருப்பார்கள். தமிழில் இந்தத் தேவை பல மடங்கு பெரியது, ஏனெனில் நம் சொற்கள் இரட்டித்தலால் நிரம்பியவை. அக்கா, அப்பம், பாப்பா, பட்டம், சக்கரம் என எதை எழுதினாலும் ஒரே வடிவம் புள்ளியோடு ஒரு முறையும் புள்ளியின்றி ஒரு முறையும் ஒட்டி நிற்கிறது. இரண்டு பகரமும் ஒன்றின் நகலாக இன்னொன்று நிற்கும் இடத்தில், இது கையால் வரைந்ததன்று என்பதைக் கண் உடனே பிடித்துவிடும். மாற்று வடிவம் இல்லாத எழுத்துருவானால், வளைகோடுகளாக மாற்றிய பின் இரண்டாவது எழுத்தின் அகலத்தையோ முனையையோ சற்றே மாற்றி வரையுங்கள். பெரிய வேலை அன்று, ஆனால் பலன் பெரிது.

ஆயத்தமாகக் கிடைப்பவற்றில் முதலில் சோதிக்க வேண்டியது பலூ தம்பி. மும்பையைச் சேர்ந்த ஏக் டைப் குழுவினர் பல இந்திய மொழிகளுக்கு வடிவமைத்த பலூ வரிசையில் தமிழுக்கு உரியது அது. தடித்த, மிருதுவான முகம். இரண்டாம் பதிப்பில் ஐந்து தடிமன்கள் உள்ளன. அதனுடன் இணைந்த இலத்தீன் எழுத்தும் உள்ளேயே இருக்கிறது. துள்ளல் அதில் கிடையாது, அதை நீங்கள்தான் சேர்க்க வேண்டும். காயினி என்னும் எழுத்துருவிலும் தமிழ் உண்டு. உருண்டு திரண்ட அதன் வடிவம் பலகாரப் பொட்டலத்துக்குப் பொருந்தும், ஆனால் நீளமான சொற்களில் கனத்துப்போகிறது. இலங்கையைச் சேர்ந்த தாரிக் அசீஸ் வடிவமைத்த கவிவனார், சாய்ந்த கையெழுத்துப் பாணியில் அமைந்தது, ஒரே தடிமன்தான். சுவரொட்டியில் ஒரு வாசகத்துக்கு அது அழகு, பலகைக்கு அதன் கோடு தாங்காது. அரிமா மதுரை தூரிகைச் சாயல் கொண்டது. குறும்பு குறைவு, நளினம் அதிகம். இவை நான்கும் கூகுள் எழுத்துருத் தொகுப்பில் திறந்த உரிமத்தோடு கிடைக்கின்றன.

உயரப் பொருத்தத்தைப் பற்றி ஒரு சொல். தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்னும் பிரிவு இல்லை. தமிழின் உயரத்தை இலத்தீனின் பெரிய எழுத்துக்குச் சமமாக வைத்தால் தமிழ் பருத்துத் தெரியும். சிறிய எழுத்துக்குச் சமமாக வைத்தால் ஒடுங்கிவிடும். இரண்டுக்கும் நடுவில் வைத்துக் கண்ணால் சரிபார்ப்பதே வழி. பெரிதும் சிறிதும் கலந்து எழுதும் உங்கள் எழுத்துருவின் குறும்புக்கு நேரான ஒன்றைத் தமிழில் தேடாதீர்கள். அதற்கு ஈடாக, தமிழில் இயல்பாகவே அகலமான ண, ஞ, ஐ போன்றவற்றை இன்னும் சற்று அகலமாக்கி, ட, ப போன்ற எளிய வடிவங்களைக் குறுக்கினால், அந்த ஏற்றத்தாழ்வே வேறொரு வகையில் கிடைக்கும்.


பினாங்குப்_பலகை:

ஜார்ஜ் டவுனில் பெயர்ப்பலகைப் பட்டறை வைத்திருக்கிறேன். மேலே நண்பர் எழுதியது திரையில் தெரிவதைப் பற்றியது. அதே எழுத்து கத்திக்கும் அக்ரிலிக்குக்கும் வரும்போது என்ன ஆகிறது என்பதை நான் சொல்கிறேன்.

கைவரை எழுத்துருக்களில் சுண்ணக்கட்டியால் எழுதியதைப் போலவோ காய்ந்த தூரிகையால் இழுத்ததைப் போலவோ ஓரம் பிசிறாக இருக்கும் வகை ஒன்று உண்டு. காகிதத்தில் அச்சிட அது நன்றாக இருக்கும். ஒட்டுத்தாளை வெட்டும் இயந்திரத்துக்கு அனுப்பினால், அந்தப் பிசிறு ஒவ்வொன்றும் கத்தி திரும்ப வேண்டிய ஒரு முனை. வெட்டிய பிறகு மிச்சத்தை உரித்தெடுக்கும்போது சிறு துணுக்குகள் எழுத்தோடு சேர்ந்து வந்துவிடும். ஆகவே பலகைக்கு ஓரம் வழவழப்பான வகையையே எடுங்கள். நீங்கள் வர்ணித்ததைப் பார்த்தால் உங்கள் எழுத்துரு அப்படிப்பட்டதாகவே தெரிகிறது.

புடைப்பு எழுத்தாகச் செய்வதாக இருந்தால், தமிழுக்கே உரிய ஒரு சிக்கல் புள்ளி. 'முறுக்கு' என்னும் சொல்லில் ககர மெய்யின் புள்ளி எதையும் தொடாமல் தனியாக நிற்கிறது. அதைச் சுவரில் தனித்துண்டாகப் பொருத்தினால் மழையிலும் வெயிலிலும் முதலில் கழன்று போவது அதுதான். புள்ளி போன பலகை எழுத்துப் பிழையோடு தொங்கும். சொல் முழுவதையும் சுற்றி, சற்று விலகிச் செல்லும் வெளிவரை ஒன்றை வரைந்து, அந்த வடிவில் ஒரு பின்தட்டு வெட்டி, எழுத்தையும் புள்ளியையும் அதன் மேல் ஒட்டச் சொல்லுங்கள். துள்ளும் எழுத்துக்கு அந்த அலையலையான பின்தட்டு கூடுதல் அழகையும் தரும். உள்ளே விளக்கு வைப்பதானால், எழுத்தின் மிக மெல்லிய இடத்திலும் விளக்குப்பட்டி நுழையும் அகலம் இருக்க வேண்டும். தடித்தும் மெலிந்தும் செல்லும் தூரிகைக் கோட்டில் மெலியும் இடங்கள் இருட்டாகிவிடும்.

கடை கோலாலம்பூரில் என்கிறீர்கள். அங்கே பெயர்ப்பலகைக்கு டிபிகேஎல் என்னும் கோலாலம்பூர் மாநகர மன்றத்தின் உரிமம் வேண்டும் என்பதும், தேசிய மொழி வாசகம் முதன்மையாகத் தெரிய வேண்டும் என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். வடிவமைப்பாளர்கள் பலர் இதை உரிமம் வாங்கும் நாளில்தான் நினைக்கிறார்கள். மலாய் வரி பெரிதாக இருந்தாக வேண்டும் என்றால் தமிழ் வரி அதைவிடச் சிறிதாகத்தான் வரும். ஆகவே உங்கள் தமிழ் எழுத்தின் சுழிகள் அந்தச் சிறிய அளவில், சாலையின் எதிர்ப்பக்கத்திலிருந்து தெரிகின்றனவா என்பதே சோதனை. திரையில் பெரிதாக்கிப் பார்த்து மகிழ்வதில் பயனில்லை.

பொட்டலத்திலும் இதே கதைதான். நெகிழித் தாளில் மை சற்றுப் பரவும். ணகரத்தின் உள்வெளி அங்கேயே அடைந்துவிடும். மேலும், இங்கே பொட்டலமிடப்படும் உணவுக்கு 1985-ஆம் ஆண்டு உணவு ஒழுங்குமுறைகளின்படி விவரச்சீட்டு மலாயில் இருக்க வேண்டும். வேறு மொழியை அதனோடு சேர்த்துக்கொள்ளலாம். சேர்பொருள், எடை, தயாரித்தவர் முகவரி ஆகியவற்றுக்குத் துள்ளும் எழுத்தை எந்த மொழியிலும் பயன்படுத்த வேண்டாம். கடலைக்கு ஒவ்வாமை உள்ளவர் சேர்பொருள் பட்டியலைப் புதிர் போல அவிழ்த்துக்கொண்டிருக்கக் கூடாது.

இந்தப் பக்கம் வந்தால் ஜார்ஜ் டவுன் சுவர்களில் இருக்கும் எஃகுக் கம்பிக் கேலிச்சித்திரங்களை ஒரு வடிவமைப்பாளராகப் பாருங்கள். ஒரே தடிமனுள்ள கம்பியை வளைத்தே முகபாவம் வரை கொண்டுவந்திருக்கிறார்கள். கோட்டின் தடிமன் மாறாமல், வளைவில் மட்டும் குறும்பைக் காட்ட முடியும் என்பதற்கு அவை நல்ல பாடம். பலகை செய்பவனுக்கு அப்படிப்பட்ட கோடு கிடைத்தால் வேலை பாதியாகிவிடும்.


அச்சுக்கோப்பு:

மாற்றுக் கருத்து ஒன்றைப் பதிவு செய்கிறேன். இணை தேட வேண்டுமா என்பதையே முதலில் கேட்க வேண்டும். மலாய் வரி துள்ளட்டும். தமிழ் வரி அதே தடிமனில், அதே வண்ணத்தில், உருண்ட முனைகளோடு நேராக நிற்கட்டும். ஒரே பலகையில் இரண்டு வரிகளும் குதித்தால் கண் எங்கே ஊன்றும்? தமிழ் எழுத்தின் இயல்பான வளைவே போதிய அளவு விளையாட்டு. அதற்கு மேல் செய்வது பெரும்பாலும் இலத்தீனைப் பார்த்து ஆடுவதாகவே முடிகிறது.


எழுத்துப்பட்டறை:

அச்சுக்கோப்பு ஐயா கூறுவதில் பாதியை ஏற்கிறேன். தடிமனும் முனையும் ஒத்துப்போனால் இணை என்பதில் பெரும்பங்கு முடிந்துவிடுகிறது. ஆனால் இது பலகாரக் கடை. இரண்டு வரிகளில் ஒன்று மட்டும் சிரித்து, மற்றொன்று கைகட்டி நின்றால், தமிழ் அந்தக் கடைக்கு விருந்தாளி போலத் தோன்றும். வாடிக்கையாளர் குறைப்பட்டுக்கொண்டதும் அதைத்தான். குறைவாகத் துள்ளட்டும், ஆனால் துள்ளட்டும்.


வகுப்பறை:

வணக்கம். தமிழ்ப்பள்ளி ஆசிரியை என்ற முறையில் வாசிப்பு வாரத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

சுவரொட்டித் தலைப்புக்கு இந்த எழுத்துரு மிகவும் பொருத்தம். கதைத் தாளின் பாடப்பகுதிக்கு வேண்டவே வேண்டாம். குழந்தைகளுக்கான பொருள் என்றாலே எழுத்தையும் குழந்தைத்தனமாக்க வேண்டும் என்னும் எண்ணம் பரவலாக இருக்கிறது, ஆனால் முதலாம் ஆண்டுப் பிள்ளை எழுத்தை இன்னும் சொல்லாகப் பார்ப்பதில்லை, உறுப்பு உறுப்பாகவே பார்க்கிறது. விரலை வைத்துச் சுழிகளை எண்ணி 'இது இரண்டு சுழி, இது மூன்று சுழி' என்று பிரித்தறியும் பிள்ளைக்கு, சுழி அடைபட்ட ணகரத்தைக் கொடுத்தால் அது தவறாகப் படிப்பது பிள்ளையின் குற்றமாகாது. கரும்பலகையிலும் பாடநூலிலும் பார்த்த அதே வடிவம், நல்ல அளவில், நல்ல வரியிடைவெளியோடு தாளிலும் இருக்க வேண்டும். மேலே நண்பர் சொன்ன 'எடு', 'ஏடு' வேறுபாடு எங்கள் வகுப்பில் அன்றாடப் போராட்டம்.

ஆனால் கதைத் தாளில் இந்த எழுத்துருவுக்கு உரிய இடம் ஒன்று இருக்கிறது, அதை யாரும் குறிப்பிடவில்லை. நம் மொழியில் ஒலிக்குறிப்புச் சொற்களுக்குப் பஞ்சமே இல்லை. ஆறு சலசல என ஓடுகிறது, சிறகு படபட என அடிக்கிறது, பானை 'டமார்' என்று உடைகிறது, குரங்கு 'தொபுக்கடீர்' என்று விழுகிறது. இந்தச் சொற்களை மட்டும் பாடப்பகுதியிலிருந்து வெளியே எடுத்து, படத்துக்குள் பெரிதாக, துள்ளும் எழுத்தில் வரையுங்கள். இரட்டைக்கிளவியாக இருந்தால் முதல் பாதியைப் பெரிதாகவும் இரண்டாம் பாதியைச் சிறிதாகவும் வைத்தால், ஓசை தேய்வதைப் பிள்ளைகள் தாமாகவே குரலில் காட்டிவிடுவார்கள். 'தொபுக்கடீர்' என்பதன் எழுத்துகள் ஒவ்வொன்றும் முந்தையதைவிடச் சற்று இறங்கி வந்தால் விழுவதே கண்ணுக்குத் தெரியும். இங்கே எழுத்தின் அசைவு பொருளோடு ஒட்டி வருகிறது. வாசிப்பைக் கெடுப்பதற்குப் பதிலாக அதற்கு உதவுகிறது.

எல்லோரும் கேலி செய்யும் காமிக் சான்ஸ் எழுத்துருவின் பிறப்பும் இத்தகைய இடத்தில்தான். மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் ஒரு மென்பொருளில் கேலிச்சித்திர நாய் ஒன்று பேச்சுக் குமிழில் டைம்ஸ் நியூ ரோமன் எழுத்தில் பேசுவதைக் கண்டு, அது பொருந்தவில்லை என்று எண்ணிய வின்சென்ட் கொனேர் 1994-இல் அதை வடிவமைத்தார். பேச்சுக் குமிழுக்காக வரைந்ததைப் பிறகு சுற்றறிக்கை முதல் எச்சரிக்கைப் பலகை வரை எங்கும் போட்டதற்கு அந்த எழுத்துரு என்ன செய்யும்? உங்கள் எழுத்துருவையும் அது பேச வேண்டிய குமிழுக்குள் வைத்திருங்கள்.


செந்தூல்_வரைகலை:

அனைவருக்கும் மிக்க நன்றி. ஒலிக்குறிப்புச் சொற்களைப் பற்றி ஆசிரியை அவர்கள் எழுதியதைப் படித்ததும் கதைத் தாளின் அமைப்பையே மாற்றத் தொடங்கிவிட்டேன். பாடப்பகுதிக்கு முக்தா மலர் எழுத்துருவை எடுத்துக்கொள்கிறேன்.

கடையைப் பொறுத்தவரை இன்னும் சில ஐயங்கள். பெயரை எழுத்துருவே இல்லாமல் கையால் வரைந்துவிட்டால் என்ன? அப்படி வரைந்தால், பொட்டலங்களின் மேல் மாறி மாறி வரும் பலகாரப் பெயர்களுக்கு என்ன செய்வது? ஆயத்த எழுத்துருவின் வடிவங்களை நான் திருத்துவதற்கு உரிமம் இடம் கொடுக்குமா? இன்னொன்று, அச்சகத்தார் திறக்கும் கோப்பில் சில சமயம் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கிறது.


எழுத்துப்பட்டறை:

பெயரைக் கையால் வரைவதே சிறந்தது என்பது என் கருத்து. ஒரு கடைப்பெயரில் இருப்பது சில எழுத்துகள் மட்டுமே. அந்தச் சில எழுத்துகள் ஒன்றுக்கொன்று எப்படி இடம் கொடுக்க வேண்டும் என்பதை எந்த எழுத்துருவாலும் உங்கள் அளவுக்கு அறிய முடியாது. புள்ளியை முந்தைய எழுத்தின் வளைவுக்குள் ஒதுக்கலாம், 'று' என்பதன் அடிவளைவை நீட்டி அடுத்த எழுத்துக்கு அடிக்கோடாக்கலாம். எழுத்துருவில் இவை கிடைக்கா.

அதையே முழு எழுத்துருவாக்க நினைத்தால் வேலையின் அளவு வேறு. 247 எழுத்துகளையும் தனித்தனியே வரைய வேண்டியதில்லை என்றாலும், உயிர் 12, ஆய்தம், அகர வடிவில் மெய் 18, புள்ளி, கால், விலங்குகள், கொம்புகள் ஆகியவை போக, உகர, ஊகார உயிர்மெய்கள் மெய்தோறும் வேறுவேறு வடிவம் கொள்வதால் அவை மட்டுமே 36 வரும். கிரந்த எழுத்துகளையும் சேர்த்தால் 80-ஐத் தாண்டிவிடும். இரட்டித்து வரும் மெய்களுக்கு மாற்று வடிவம் வைத்தால் இன்னும் கூடும். ஒரு கடைக்காக இவ்வளவு செய்யத் தேவையில்லை. பெயரை வரையுங்கள், பலகாரப் பெயர்களைப் பலூ தம்பியில், துள்ளல் இல்லாமல், பெயரின் கோட்டுக்கு நெருங்கிய தடிமனில் அமையுங்கள். இந்த இடத்தில் மட்டும் அச்சுக்கோப்பு ஐயாவின் யோசனை முழுமையாகப் பொருந்துகிறது.

உரிமத்தைப் பொறுத்தவரை, நான் குறிப்பிட்ட நான்கும் திறந்த எழுத்துரு உரிமத்தின் கீழ் உள்ளவை. வணிகப் பணிக்குப் பயன்படுத்தலாம், வடிவங்களைத் திருத்தலாம், சின்னம் செய்யலாம். எழுத்துருக் கோப்பைத் தனியாக விலைக்கு விற்கக் கூடாது. திருத்திய எழுத்துருவை வெளியிட்டால் அதுவும் அதே உரிமத்தின் கீழ்தான் இருக்க வேண்டும். நீங்கள் கவனிக்க வேண்டியது உங்கள் இலத்தீன் எழுத்துருவின் உரிமத்தை. இலவசமாகப் பதிவிறக்கக் கிடைக்கும் கைவரை எழுத்துருக்களில் பல, சொந்தப் பயன்பாட்டுக்கு மட்டுமே என்ற நிபந்தனையோடு வருபவை. கடைப் பலகையும் பொட்டலமும் அதில் அடங்கா. விலை கொடுத்து வணிக உரிமம் பெறுவதானால், வாடிக்கையாளரின் பெயரிலா உங்கள் பெயரிலா என்பதையும் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.

கொம்பு இடம் மாறுவது எழுத்துருவின் குறை அன்று. யூனிகோடில் மெய் முதலிலும் கொம்பு அதன் பிறகும் சேமிக்கப்படுகிறது. அதை முன்னால் கொண்டுவந்து நிறுத்துவது மென்பொருளின் வேலை. பக்க அமைப்பு மென்பொருளான இன்டிசைனில் 'வேர்ல்ட்-ரெடி' வகைப் பத்திக் கோப்பியை (Paragraph Composer) தேர்ந்தெடுக்க வேண்டும். வரைகலை மென்பொருளான இல்லஸ்ட்ரேட்டரில் விருப்பத் தேர்வுகளில் எழுத்துப் பகுதிக்குச் சென்று இந்திய மொழி வசதியை இயக்க வேண்டும். உங்கள் கணினியில் இது சரியாக இருந்து, அச்சகத்தின் கணினியில் இல்லாவிட்டாலும் கொம்பு பின்னால் போகும். பாமினி போன்ற பழைய குறியாக்க எழுத்துருக்களையே இன்னும் வைத்திருக்கும் அச்சகமாக இருந்தால், உங்கள் வாசகத்தை அவர்கள் மீண்டும் தட்டச்சு செய்ய முனைவார்கள். அதற்கு இடம் கொடுக்க வேண்டாம்.


பினாங்குப்_பலகை:

அதனால்தான் எங்களைப் போன்றவர்களுக்கு வளைகோடுகளாக மாற்றிய கோப்பையே அனுப்ப வேண்டும். மாற்றாத மூலத்தையும் நீங்கள் பத்திரமாக வைத்திருங்கள். உரிமம் கேட்கும்போது மலாய் வாசகத்தில் ஒரு சொல் மாறினால் முழு அமைப்பும் நகரும். வெட்டக் கொடுப்பதற்கு முன், தமிழ் வரியை உண்மையான அளவில் தாளில் அச்சிட்டுக் கடை முகப்பில் ஒட்டி, வாடிக்கையாளரை எதிர்ப்பக்கத்தில் நின்று படிக்கச் சொல்லுங்கள். அவர் தடுமாறும் எழுத்து எதுவோ, அதை மட்டும் திருத்தினால் போதும்.